குணத்தை அளக்கும் கேள்விகள்: எவ்வளவு நம்பலாம்?

சென்ற இதழில் மனச்சோர்வு பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்த அன்பர்கள் சிலர் சங்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஒருவருடைய குணமே கோளாறு என்று சொல்வதற்கு எதை எடுத்துப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எதையும் எடுத்துப் பார்ப்பதில்லை, கேட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதே பதில். எப்படிக் கேட்கிறார்கள், அப்படிக் கேட்டுச் சொல்லும் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

இது படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விவகாரம் அல்ல. நம் தீவில் தச்சு வேலை செய்யும் அன்பர் ஒருவர் தம் இருபத்து மூன்று வயது மகனுக்கு மெயின்லேண்டில் வைத்தியம் பார்த்தார். ஓர் ஊரில் 'மனவெழுச்சி நிலையற்ற ஆளுமை' என்று எழுதிக் கொடுத்தார்கள். மறு வருடம் வேறோர் ஊரில் 'சமூக விரோத ஆளுமை' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் பையனோடு பேசியது கால் மணி நேரம். "ஒரே பிள்ளைக்கு எப்படி சார் ரெண்டு பேரு? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போற இடத்துல எதைச் சொல்றது?" என்று அவர் கேட்டார். காய்ச்சல் வந்து போகும். குணத்துக்குப் போட்ட முத்திரை அப்படிப் போவதில்லை. வேலை, கல்யாணம், கோர்ட்டு, போலீஸ் என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முன்கோபி, பிடிவாதக்காரர், சந்தேகப் பிராணி, சங்கோஜி என்று நம் தெருவிலேயே பலரைச் சொல்கிறோம். இவையெல்லாம் கோளாறு அல்ல, மனித வகைகள். ஒருவருடைய எண்ணமும் உணர்ச்சியும் பிறரோடு பழகும் விதமும், அவர் வளர்ந்த சமூகம் எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும். அந்த விலகல் இளமையிலேயே தொடங்கி, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் ஒரே மாதிரி நீடித்து, அவருக்கோ மற்றவருக்கோ துன்பம் தர வேண்டும். அப்போதுதான் அதை ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். 'நீடித்து' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனால்தான் தொல்லை வரப்போகிறது.

மருத்துவர் தமக்குத் தோன்றியபடி பேசி, தமக்குத் தோன்றியதை எழுதினால் என்ன ஆகும் என்பதை 1960-களில் நியூயார்க்கும் லண்டனும் சேர்ந்து கண்டுபிடித்தன. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் ஏராளம், லண்டனில் குறைவு. நோய்தான் வேறுபடுகிறதா, அல்லது மருத்துவர்கள் வேறுபடுகிறார்களா? ஒரே நோயாளியின் நேர்காணலைப் படம்பிடித்து இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1971-இல் வெளிவந்த முடிவுகளில் ஒன்று நம் பாடத்துக்கு மிகவும் வேண்டியது. ஒரு நோயாளியை அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு என்றார்கள். அதே படத்தைப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்களில் பெரும்பாலோர் ஆளுமைக் கோளாறு என்றார்கள். நோயாளி ஒருவர், பேச்சு ஒன்று, பெயர் மட்டும் இரண்டு! தச்சரின் மகனுக்கு நடந்தது உலகப் பெரிய நகரங்களிலேயே நடந்ததுதான்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்ததுதான் வரையறுத்த நேர்காணல். கேள்விகள் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும். எந்த வரிசையில் கேட்பது, எந்தப் பதிலுக்கு மேற்கொண்டு என்ன கேட்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆளுமைக் கோளாறுகளுக்கென்று இப்படிப் பல கருவிகள் உள்ளன. அமெரிக்காவில் அதிகம் புழங்குவது 'ஸ்கிட்' எனப்படும் வரிசையைச் சேர்ந்தது. நமக்கு நெருக்கமானது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க அரசின் மனநல அமைப்பும் சேர்ந்து, ஆர்மண்ட் லோராங்கர் என்ற அறிஞர் தலைமையில் உருவாக்கிய சர்வதேச ஆளுமைக் கோளாறு நேர்காணல் அது. நெருக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் பெங்களூரும் ஒன்று. நிம்ஹான்ஸின் டாக்டர் சன்னபசவண்ணா அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். கருவி மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளில் இந்தி, கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் உண்டு.

அதன் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கேள்விகள் நோய்களின் பெயர் வரிசையில் இல்லை. வேலை, தன்னைப் பற்றிய எண்ணம், பிறரோடு உறவு, உணர்ச்சிகள், உண்மையைச் சரியாக உணர்தல், உந்துதலைக் கட்டுப்படுத்தல் என்று வாழ்க்கையின் ஆறு பகுதிகளாக வருகின்றன. எந்தக் கேள்வி எந்தக் கோளாறுக்கு என்று பதில் சொல்பவர் எளிதில் ஊகிக்க முடியாது. பேச்சும் இயல்பாக நகரும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பு. இயல்பானது 0, சற்று மிகையானது 1, கோளாறு என்று கொள்ளத்தக்க அளவுக்கு வந்தது 2. "ஆமாம்" என்று தலையசைத்தால் மட்டும் 2 கிடைக்காது. உதாரணம் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு நிபந்தனைகளும் உண்டு. ஒரு நடத்தை குறைந்தது 5 ஆண்டுகளாவது இருந்திருந்தால்தான் அதை ஆளுமையின் பகுதியாகக் கொள்ளலாம். ஒரு கோளாறின் பெயரைச் சொல்ல, அதன் கூறுகளில் ஒன்றாவது 25 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும்.

எப்படி நடக்கும் என்று காட்ட நானே ஒரு பேச்சைக் கற்பனை செய்து எழுதுகிறேன். கருவியில் உள்ள வாசகம் அல்ல இது. ஜெட்டியில் ஸ்டோர் கணக்கு எழுதும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

"வேலையில் நீங்கள் எப்படிப்பட்டவர்?"

"நான் ரொம்பக் கறார் சார். எல்லாம் சரியா இருக்கணும்."

"ஓர் உதாரணம் சொல்லுங்களேன்."

"கணக்கை மூணு தரம் கூட்டுவேன். அப்புறமும் சந்தேகம் வந்தா முதல்லேருந்து கூட்டுவேன்."

"அதனால் வேலை தடைப்பட்டதுண்டா?"

"போன மாசம் கப்பல் கிளம்பின பிறகுதான் லிஸ்ட் முடிஞ்சுது. பெரிய ஏச்சு."

"எத்தனை வருடமாக இப்படி?"

"முன்ன இப்படி இல்லே. புது ஆபீசர் வந்து ஒரு வருஷமாத்தான்."

முதல் மூன்று பதிலோடு நிறுத்தியிருந்தால் 'மிகை ஒழுங்கு ஆளுமை' என்று எழுதத் தோன்றும். நான்காவது கேள்வி அதை வெட்டிவிட்டது. இவருக்கு இருப்பது மேலதிகாரியைப் பற்றிய பயம். கால் மணி நேரப் பேச்சில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த நான்காவது கேள்விதான்.

சரி, கருவி செய்தாகிவிட்டது. அது நல்ல கருவியா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் இரண்டு சொற்கள் வருகின்றன: நம்பகம், ஏற்புடைமை. ஒன்றுபோல் தோன்றினாலும் இவை வெவ்வேறு.

நம்பகம் என்றால் திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே அளவு வருவது. 1994-இல் வெளிவந்த லோராங்கர் குழுவின் ஆய்வில் 11 நாடுகளின் 14 மையங்களில் 716 நோயாளிகளை 58 மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் நேர்கண்டார்கள். 141 நேர்காணல்களில் இன்னொருவர் வாய் திறக்காமல் உடன் அமர்ந்து தனியே மதிப்பெண் போட்டார். இருவர் மதிப்பும் ஒத்துப்போகிறதா என்பது ஒரு சோதனை. 243 பேரைச் சராசரியாக ஆறு மாதம் கழித்து மறுபடி நேர்கண்டார்கள். காலம் கடந்தும் முடிவு நிற்கிறதா என்பது இன்னொரு சோதனை. மனச்சிதைவு, மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றைக் கண்டறியும் கருவிகளுக்கு உள்ள நம்பகம் ஏறக்குறைய இதற்கும் உண்டு என்று முடிவு வந்தது. குணத்தை அளக்கவே முடியாது என்று இருந்த காலத்தில் இது சிறிய சாதனை அல்ல.

ஒத்துப்போவதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளிக் கணக்கு அளவில் விளங்கும், பொறுமையாகப் பாருங்கள். 100 பேரை இரு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குக் கோளாறு என்கிறார். அதில் 5 பேர் மட்டுமே இருவருக்கும் பொது. 85 பேருக்கு ஒன்றுமில்லை என்பதிலும் இருவரும் ஒன்று. ஆக 100-க்கு 90 ஒத்துப்போகிறது! பலே என்று தோன்றும். ஆனால் இருவரும் நோயாளியைப் பார்க்காமலே சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்துப் பேரைப் பொறுக்கியிருந்தாலும், தற்செயலாகவே 82 ஒத்துப்போயிருக்கும் (0.1 × 0.1 + 0.9 × 0.9 = 0.82). ஆகவே தற்செயலுக்கு மேல் அவர்கள் சம்பாதித்தது 8. சம்பாதித்திருக்கக் கூடியது 18. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. இந்த எண்ணுக்குக் 'கப்பா' என்று பெயர். ஜேகப் கோஹன் 1960-இல் தந்த அளவு இது. 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் குலுக்கல் சீட்டு. 0.75-க்கு மேல் மிக நன்று, 0.40-க்குக் கீழ் மோசம் என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். இனி யாராவது "தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போனது" என்று பெருமையாகச் சொன்னால், கப்பா எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடன் அமர்ந்து கேட்பவர் அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் கேட்கிறார். அவர் ஒத்துப்போவது சுலபம். வேறொரு நாளில் வேறொருவர் தனியே கேட்டால் பதிலே மாறலாம். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் களச் சோதனையில், மருத்துவர்கள் இருவர் வரையறுத்த நேர்காணல் இல்லாமல் தமது வழக்கமான முறையில் தனித்தனியே பார்த்தபோது, எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்குக் கப்பா 0.54. எல்லோருக்கும் தெரிந்த மனச்சோர்வுக்கு 0.28தான்! ஆளுமைக் கோளாறு மட்டும்தான் பிடிபடாத பொருள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி ஏற்புடைமை. எடைக்கல் தேய்ந்துபோன ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிறுத்தாலும் மாலையில் நிறுத்தாலும், கடைக்காரர் நிறுத்தாலும் நாம் நிறுத்தாலும், அதே மீன் அதே எடைதான் காட்டும். நம்பகம் பூரணம். ஆனால் எடை தப்பு. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பதுதான் ஏற்புடைமை. எடைக்கல்லைச் சரிபார்க்க அரசாங்க முத்திரைக் கல் இருக்கிறது. ஆளுமைக்கு அப்படி ஒரு முத்திரைக் கல் எங்கே இருக்கிறது?

இல்லை என்பதுதான் உண்மை. ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1992-இல் பெர்ரி என்பவர் அப்படிப்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்தபோது கப்பாவின் நடு மதிப்பு 0.25 என்று வந்தது. அதாவது ஒவ்வொரு கருவியும் தன்னளவில் நம்பகமாக இருக்கிறது, ஆனால் இரண்டு கருவிகள் ஒரே ஆளைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்வதில்லை. தச்சரின் கேள்விக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மருத்துவர்கள் அலட்சியமாக இல்லாவிட்டாலும், கேள்வித்தாளே கையில் இருந்தாலும், பெயர் மாறலாம்.

முத்திரைக் கல் இல்லாத குறைக்கு, 1983-இல் ராபர்ட் ஸ்பிட்சர் ஒரு வழி சொன்னார். நோயாளியை நெடுநாள் கவனியுங்கள். அனுபவமுள்ளவர்கள் கவனிக்கட்டும். வீட்டார் சொல்வது, பழைய சீட்டுகள், வார்டில் நர்ஸ் கண்டது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவோடு நேர்காணலின் முடிவை ஒப்பிடுங்கள். சொல்லச் சுலபம், செய்யச் செலவு. ஆனால் திசை சரியானது என்றே நான் கருதுகிறேன். காரணம் எளிது. தன் குணத்தைப் பற்றித் தானே சாட்சி சொல்வது யாருக்கும் கடினம். பிறர்மேல் இரக்கமில்லாத ஒருவரிடம் "உங்களுக்கு இரக்கம் உண்டா?" என்று கேட்டு என்ன பயன்? நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதும் அவரை அறிந்தவர் சொல்வதும் ஓரளவுதான் ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வில் மூழ்கியிருப்பவரைக் கேட்டால் "நான் எப்போதுமே இப்படித்தான், உதவாக்கரை" என்பார். சோர்வு தெளிந்தபின் கேட்டால் வேறு ஆள் பேசுவது போலிருக்கும். ஆகவேதான் லோராங்கரின் கருவி, உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டறிந்ததையும் தனியே குறித்துக்கொள்ள இடம் தருகிறது.

இந்த இடத்தில் நம் தீவின் நிலைமையைச் சொல்லாமல் போக முடியாது. பதினைந்து வயதில் ஒருவர் எப்படி இருந்தார் என்று சொல்ல ஊரில் பழைய மனிதர்கள் வேண்டும். இங்கே நம்மில் பலருக்கு அந்த ஊர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. பெற்றோர் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ இருப்பார்கள். இங்கே தெரிந்தவர் கூட வேலை செய்பவர் மட்டுமே. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு கடல்கள் நடுவே வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சாட்சி சொல்லக்கூடியவர்களையே கடல் கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் அதன்பின் எரிந்து விழுகிறார், யாரையும் நம்புவதில்லை, வேலையில் நிலைப்பதில்லை என்றால் ஆளுமைக் கோளாறா? அப்போது 25 வயதைத் தாண்டியவராக இருந்து, அதற்கு முன் அப்படி இல்லாதவர் என்றால், அல்ல. முன்பு வழக்கிலிருந்த பத்தாம் சர்வதேச நோய்ப் பட்டியல், பேரழிவுக்குப்பின் நிலைத்துவிட்ட ஆளுமை மாற்றம் என்று அதைத் தனியே பிரித்து வைத்திருந்தது. 25 வயது விதி வெறும் சம்பிரதாயம் அல்ல, துயரப்பட்டவனைக் குணம் கெட்டவன் என்று எழுதாமல் காக்கும் வேலி. ஆனால் அந்த வேலி நிற்க, சுனாமிக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல யாராவது வேண்டும்.

செல்லுலார் ஜெயிலின் வரலாறு நமக்குத் தெரியும். உல்லாஸ்கர் தத்தின் மனநிலை 1912-இல் அங்கே குலைந்தது. கடும் வேலையும் விலங்கிட்டுத் தொங்கவிட்டதும் காரணம் என்பது உடனிருந்த கைதிகளின் கூற்று. மலேரியாவால் வந்த பித்து என்பது அதிகாரிகளின் பதில். பின்னர் அவர் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு 1920-இல் விடுதலையானார். அது ஆளுமைக் கோளாறு பற்றிய வழக்கு அல்லதான். ஆயினும் வங்காளத்தில் இருந்த தந்தை மகனின் நிலையைக் கேட்டுக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். பிறந்ததிலிருந்து அறிந்தவர் விண்ணப்பம் போடுகிறார், அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிவு எழுதும் இடத்தில் ஒரே தரப்புப் பேனா இருந்தால் இப்படித்தான் ஆகும்.

மொழியும் ஏற்புடைமையைக் கெடுக்கும். போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, நம் வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்) பஜாரில் எல்லோரும் இந்தி பேசுகிறோம். ஆனால் மீன் விலை கேட்கும் இந்தி வேறு, மனத்தைத் திறக்கும் மொழி வேறு. தமிழ்ப் பெரியவர்கள் சிலருக்கு நான் மொழிபெயர்த்து உதவியிருக்கிறேன். இந்தியில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர் தமிழில் கேட்டதும் அரை மணி நேரம் பேசுவார். ஒற்றைச் சொல்லையே வைத்து மதிப்பெண் போட்டால் 'ஒட்டுதல் இல்லாத ஆளுமை' ஆகிவிடுவார், பாவம். கேள்வியின் பொருளும் அப்படியே. முக்கியமான முடிவுகளை மற்றவரிடம் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டால், அப்பா பார்த்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்ட நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்பார்கள். அது சார்ந்திருக்கும் கோளாறு அல்ல, நம் வீட்டு வழக்கம். அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்றுதான் விதி. எடைபோடுபவருக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டுமே!

'நீடித்து' என்ற சொல்லை அடிக்கோடிடச் சொன்னேன் அல்லவா? அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கூட்டு ஆய்வில், வரையறுத்த நேர்காணலால் உறுதி செய்யப்பட்டவர்களிலேயே கணிசமானோர் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வரையறைக்குக் கீழே வந்துவிட்டார்கள். மேரி ஸனரினியின் பத்தாண்டு ஆய்வில் எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்தன. கல்வெட்டு என்று எண்ணியது கரைகிற எழுத்தாக இருக்கிறது. கருவியின் பிழையா, அல்லது குணம் மாறாது என்ற நம் எண்ணத்தின் பிழையா என்று அறிஞர்கள் விவாதித்தார்கள். இரண்டிலும் கொஞ்சம் என்பது என் கருத்து. நோயாளியின் குடும்பத்துக்கோ இது நல்ல செய்தி, யாரும் அதை அவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் குறை.

2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் சர்வதேச நோய்ப் பட்டியல், பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. முதலில் கோளாறு உண்டா, உண்டென்றால் இலேசா, நடுத்தரமா, கடுமையா என்று பார்க்கிறது. பிறகே எந்தக் குணக்கூறு மேலோங்கியிருக்கிறது என்பதைச் சேர்த்துக் குறிக்கலாம். பெயருக்காகச் சண்டையிட்ட கருவிகளின் 0.25-ஐ நினைத்தால் இது நல்ல திருப்பம். ஆனால் பழைய பட்டியலுக்கு ஏற்பச் செய்த தமிழ்க் கேள்விகள் புதிய பட்டியலுக்குத் தாமாகப் பொருந்திவிடா. தமிழில் எழுதி, வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு ஒப்பிட்டு, தமிழ் நோயாளிகளிடம் சோதிக்கும் வேலை மறுபடி நடக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு சீட்டு கிடைத்தால் மருத்துவரிடம் மரியாதையாகவே சில கேள்விகள் கேட்கலாம். நேர்காணல் முறைப்படி நடந்ததா, எவ்வளவு நேரம்? அப்போது அவர் மனச்சோர்விலோ குடியிலோ இருந்தாரா? எந்த மொழியில் பேசினீர்கள்? வீட்டார் யாரையாவது கேட்டீர்களா? சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பீர்களா? நல்ல மருத்துவர்கள் இவற்றைக் கேட்டால் கோபிப்பதில்லை. போகும்போது அந்தப் பிள்ளையைச் சிறுவயதில் அறிந்த அத்தையோ மாமாவோ கூட வருவது நல்லது. அவர்கள் மெயின்லேண்டில் இருந்தால் போனிலாவது பேச வையுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்படி, மனநோய் என்று தீர்மானிக்கப்பட்டதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைச் சொல்ல நீதிமன்றம் வேண்டும். பெண் கேட்டுப் போகும் இடத்தில் தச்சர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனால் மகனை முறைப்படி மறுபடி ஒருமுறை, தமிழில், தாயாரையும் உடன் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், கட்டணம் இல்லை. தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.